ஷூகேஸ் இசையைத் தமிழில் எப்படிச் சொல்வது: 'காலணிநோக்கிசை' வேண்டாம்

அன்புள்ள ஐயாவுக்கும் குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

ஷூகேஸ் என்ற கிட்டார் இசை வகைக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் குழுவில் ஐயா முன்வைத்த 'காலணிநோக்கிசை' எனக்கு ஒட்டவில்லை. ஷூகேஸ், அதாவது 'காலணியைப் பார்ப்பது', என்பது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பிரிட்டன் இசைப் பத்திரிகைகளில் கேலியாகப் புழங்கிய பெயர். மேடையில் நிற்கிறவர்கள் கூட்டத்தை நிமிர்ந்து பார்க்காமல் குனிந்தே வாசித்தார்கள், அதைப் பத்திரிகைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். குனிந்தவர்கள் பார்த்தது காலடியில் வரிசையாகக் கிடந்த பெடல்களை, காலால் மிதித்துக் கிட்டார் ஒலியை மாற்றும் கருவிகளை. எதை எப்போது மிதிப்பது என்பதில்தான் அந்த இசையில் பாதி இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு முந்திய ஒரு கேலியை நாம் சொல்லுக்குச் சொல் பெயர்த்து அகராதியில் ஏற்றுவானேன்? நம்மூரில் செருப்பு, காலணி என்றாலே கூட வருகிற மரியாதைக்குறைவு வேறு.

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்திலுள்ள மண்டபம் ஊரில் என் நண்பன் ஒருவன் கிட்டார் வாசிக்கிறான். மொட்டைமாடியில் ஓலைப்பாயை விரித்து, அதன்மேல் மூன்று பெடல்கள். உப்புக்காற்றில் கம்பியைச் சொருகும் ஜாக் முனையெல்லாம் களிம்பேறிவிடும், ஒவ்வொரு தடவையும் துணியால் தேய்த்துவிட்டுத்தான் சொருகுவான். வாசிக்கத் தொடங்கிவிட்டால் கண் பாயை விட்டு எழும்பாது. போன வாரம் அவனோடு உட்கார்ந்து ஸ்லோடைவ் என்ற ஷூகேஸ் குழுவின் 2017 இசைத்தொகுப்பை முழுவதும் கேட்டேன், அதைப் பற்றி எழுத உட்கார்ந்தபோதுதான் இந்தச் சொல் இல்லாமல் கை நின்றது.

அந்தக் குழுவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கிலாந்தின் ரெடிங் நகரத்தில் 1989-ல் தொடங்கியவர்கள். 1991, 1993, 1995 என்று மூன்று தொகுப்புகள். பத்திரிகைகள் அவர்களைக் கடுமையாக ஏசின, மூன்றாவது வந்த கையோடு வெளியீட்டு நிறுவனமும் கைவிட்டது. குழு கலைந்தது. 2014-ல் மறுபடி மேடையேறி, 2017 மே மாதம் குழுவின் பெயரையே தலைப்பாக வைத்து எட்டுப் பாட்டுகளோடு நாலாவதைக் கொண்டுவந்தார்கள். இடையில் 22 வருஷம். இதே வகை இசைக்காரர்களான மை பிளடி வாலண்டைன் குழுவுக்கும் 1991 தொகுப்புக்கும் 2013-ல் வந்த அடுத்ததற்கும் நடுவே அதே 22 வருஷம்தான்.

இத்தனை காலம் கழித்து வருகிறவர்கள் குரலைத் தூக்கி முன்னால் வைப்பார்கள் என்றுதான் நினைத்தேன். வைக்கவில்லை. முதல் பாட்டில் குரல் வந்து சேரவே நல்ல நேரம் ஆகிறது, வந்த பிறகும் கிட்டார் ஒலிக்குள்ளேயே கிடக்கிறது. கச்சான் காற்று அடிக்கிற நாளில் கரையில் நின்று வள்ளத்தில் போகிறவரைக் கூப்பிட்டால் அவருக்கு வார்த்தை பிடிபடாது, கூப்பிடுவது யார் என்று மட்டும் தெரியும் இல்லையா, அந்த மாதிரி. பழைய அடக்கம் அப்படியே இருக்கிறது, கூடவே ஒரு நிதானம். எனக்கு அது அவர்களுடைய மற்ற தொகுப்புகளைவிடப் பிடித்துப்போயிற்று.

சரி, சொல்லுக்கு வருகிறேன். குறளில் குறிப்பறிதல் அதிகாரத்தில், 1094-ல், 'நிலன்நோக்கும்' என்று வருகிறதே, காதலன் பார்க்கும்போது காதலி தரையைப் பார்க்கிறாள். அங்கே நாணம், இங்கே வேலை, இரண்டும் ஒன்றல்ல என்பது தெரியும். ஆனாலும் தலை குனிந்திருக்க மனம் எதிரில் இருப்பவரிடம் இருக்கிற அந்த நிலையை இந்த இசையிலும் கேட்கிறேன். ஆகவே என் பரிந்துரை 'நிலநோக்கிசை'. நோக்கு என்பது இந்தக் கடற்கரைக்குப் புதிய சொல்லும் இல்லை, வாலிநோக்கம் என்று ஊரே இருக்கிறது.

'நிலநோக்கு' என்றால் நில அளவை போலத் தொனிக்கும் என்று யாராவது சொல்லலாம். இசை என்று முடிவதால் அந்தக் குழப்பம் வராது என்றே நினைக்கிறேன். வாசிப்பவரை 'நிலநோக்கர்' என்போம், 'நிலநோக்கி' வேண்டாம், அது தொலைநோக்கி மாதிரி கருவியாகிவிடும். குழுவில் அக்கா சொன்ன 'இரைச்சலிசை' நல்ல சொல்தான், ஆனால் இரைச்சலையே இசையாக்கும் நாய்ஸ் என்று தனியாக ஒரு வகை இருக்கிறது, அதற்கு அதை விட்டுவைப்போம். மூட்டமான ஒலி என்பதால் 'மூட்டிசை'யையும் யோசித்தேன், மூட்டத்தைவிட மூட்டுவலிதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

அப்புறம் பெடல். தையல் மெஷினில் மிதி என்கிறோம், அதனால் 'ஒலிமிதி' என்று வைக்கலாம். ரிவெர்ப் பெடலுக்குக் 'கார்வைமிதி' பொருந்தும், மீட்டிய பிறகும் நீடிக்கிற ஒலியைக் கார்வை என்று நம் இசைக்காரர்கள் ஏற்கெனவே சொல்கிறார்கள். வாசித்த ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திரும்ப ஒலிக்கவைக்கும் டிலே பெடலுக்குத்தான் இன்னும் சிக்கவில்லை. 'எதிரொலிமிதி' என்று எழுதிப் பார்த்தேன், நண்பன் வாயில் நுழையவில்லை என்றான். ஐயா இதற்கு ஒரு சொல் தந்தால் கட்டுரையை முடித்துவிடுவேன்.