லூயி கானின் திருப்பம் ரோமிலா நிகழ்ந்தது?

கட்டடக்கலை மாணவி:
வணக்கம். அமெரிக்கக் கட்டடக்கலைஞர் லூயி கான் 1924இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். ஆனால் இன்று நாம் வியந்து பேசுகிற அவருடைய கட்டடங்கள் எல்லாமே 1950க்குப் பின் எழுந்தவை. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? "ரோமுக்குச் சென்றார், மாறினார்" என்று ஒரே வரியில் முடித்துவிடும் விளக்கம் எனக்குப் போதவில்லை.

பழைய வரைபலகை:
சும்மா இருக்கவில்லை, அம்மா. தொழிலில் காலூன்றுவதற்குள் 1930களின் பொருளாதாரப் பெருமந்தம் வந்துவிட்டது. வேலையிழந்த வரைவாளர்களைச் சேர்த்துக்கொண்டு பிலடெல்பியாவில் ஓர் ஆய்வுக் குழு நடத்தினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கோட்ஸ்வில் நகரின் கார்வர் கோர்ட் போன்ற தொழிலாளர் குடியிருப்புகளை மற்றவர்களோடு சேர்ந்து வடிவமைத்தார். தேவையான பணிதான், பெயர் வாங்கித் தரும் பணியல்ல. 1950 - 51இல் ரோமிலுள்ள அமெரிக்க அகாதமியில் தங்கியபோது கிரீஸுக்கும் எகிப்துக்கும் போய் இடிபாடுகளை வண்ணக்கோல்களால் வரைந்தார். கூரையும் அலங்காரமும் போன பிறகும் கம்பீரம் குறையாத அந்தக் கனத்த சுவர்கள்தான் அவரைப் பிடித்துக்கொண்டன என்பது என் கருத்து.

கான்கிரீட் பொறியாளர்:
ஐயா சொல்வதை மறுக்கவில்லை; ஆனால் ரோமுக்கு நான் அவ்வளவு மதிப்பெண் தரமாட்டேன். 1955இல் டிரென்டன் அருகே கட்டிய சிறிய குளியல் மண்டபத்தைப் பாருங்கள். திறந்த முற்றத்தைச் சுற்றி நான்கு சதுரங்கள், ஒவ்வொன்றின் மேலும் பிரமிடு வடிவக் கூரை. அதைத் தாங்கும் மூலைத் தூண்கள் உள்ளே வெற்றிடமானவை; நுழைவழியும் கழிப்பறையும் அவற்றுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. பணி செய்யும் இடம் (குழாய், படிக்கட்டு, கழிப்பறை போன்ற துணை இடங்கள்) வேறு, பணி பெறும் இடம் (அவற்றால் பயன்பெறும் முதன்மை அறைகள்) வேறு என்ற அவருடைய புகழ்பெற்ற பாகுபாடு இங்கேதான் தெளிந்தது. அவருடன் பணியாற்றிய ஆன் டிங்கின் வடிவியல் அறிவுக்கும் இதில் பங்குண்டு. வாழ்க்கைக் குறிப்புகள் பலவும் அதை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை.

அந்த எண்ணம் உடனே கைகூடிவிடவுமில்லை. பிலடெல்பியாவின் ரிச்சர்ட்ஸ் ஆய்வுக்கூடத்தில் காற்றுக்குழாய்களுக்கும் படிக்கட்டுகளுக்கும் தனிச் செங்கல் கோபுரங்கள் எழுப்பினார். பார்ப்பதற்கு அழகு, ஆனால் கண்கூசும் வெயிலைத் தாங்கமுடியாமல் ஆய்வாளர்கள் சன்னல்களை மறைத்துக்கொண்டார்கள். அடுத்து கலிபோர்னியாவின் லா ஹோயாவில், போலியோ தடுப்பூசி கண்டுபிடித்த ஜோனாஸ் சால்க்குக்காகக் கட்டிய ஆய்வு நிலையத்தில், ஒவ்வோர் ஆய்வுக்கூடத் தளத்துக்கும் மேலே ஆள் நிமிர்ந்து நடக்கக்கூடிய குழாய்த் தளம் ஒன்றை வைத்தார். கீழே சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே மேலே பழுதுபார்க்கலாம்.

கட்டடக்கலை மாணவி:
மிக்க நன்றி. அப்படியானால் சால்க் நிலையத்தின் நடுமுற்றத்தை வெறுமையாக விட்டதும் ரோமின் தாக்கம் இல்லையா?

பழைய வரைபலகை:
அங்கே மரங்கள் வைப்பதாகத்தான் கான் நினைத்திருந்தார். மெக்சிகோவின் கட்டடக்கலைஞர் லூயிஸ் பராகான் வந்து பார்த்துவிட்டு, ஒரு மரமும் வேண்டாம், கல் பாவிய வெளியாகவே இருக்கட்டும் என்றார், கானும் ஒப்புக்கொண்டார். சுவர்களையும் அருகில் போய்ப் பார்க்கவேண்டும்: கான்கிரீட் வார்ப்புப் பலகைகளைப் பிணைத்த கம்பிகளின் துளைகளைப் பூசி மறைக்காமல், ஈயத்தால் அடைத்துக் கண்ணுக்குத் தெரியும்படி விட்டிருக்கிறார்.