பாட் ரோஸ்ட்: கறி மெத்தென்று வர என்ன செய்கிறீர்கள்?

இரும்புச்சட்டி

பாட் ரோஸ்ட், அதாவது மாட்டுக்கறியை முழுத் துண்டாக மூடிய சட்டியில் கொஞ்சம் திரவத்தோடு நிதானமாக வேகவைப்பது. அதைச் செய்கிற எல்லாரும் ஒரு கட்டத்தில் சொல்வது இது: "மூணு மணி நேரம் ஓவன்ல இருந்தும் ரப்பர் மாதிரி இருக்கு. ஓவரா வெந்துடுச்சு போல." சக் ரோஸ்ட் (மாட்டின் தோள்கறி) என்றால் விஷயம் நேர்மாறு. அது இன்னும் வேகவில்லை. மூடியைப் போட்டு இன்னொரு முக்கால் மணி நேரம் விட்டால் அதே துண்டு முள்கரண்டி பட்டதும் பிரியும். அந்த நேரத்தில் பொறுமை இழந்து வெட்டித் தட்டில் வைத்துவிடுவதுதான் கோளாறு.

மாட்டின் தோள் நாள் முழுக்க உழைக்கும் தசை. நார்களுக்கு நடுவே கொலாஜன் சவ்வு நிறைய இருக்கும். உள்சூடு 70 டிகிரி செல்சியஸைத் தொடும்போது நார்கள் சுருங்கித் தண்ணீரைக் கக்கிவிட்டிருக்கும். சவ்வோ அப்போதுதான் இளகத் தொடங்கியிருக்கும். கறி படுமோசமாக இருக்கும் நேரம் அதுதான். 80ஐத் தாண்டினால் சவ்வு மளமளவென்று ஜெலட்டினாக மாறும். நாக்கில் படுகிற ஈரம் பெரும்பாலும் அந்த ஜெலட்டினும் கொழுப்பும்தான். 93 முதல் 96 வரை ஏறி அங்கே அரைமணி நின்றால் பதம். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் மெல்லிய கத்தியைக் குத்திப் பாருங்கள், தடையில்லாமல் இறங்கி அப்படியே வெளியே வரவேண்டும். ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் பிடித்தால் இன்னும் நேரம் இருக்கிறது.

அளவு: எலும்பில்லாத சக் 1.5 கிலோ, ஒரே துண்டாக. உப்பு 18 கிராம். மேசை உப்பு என்றால் 3 தேக்கரண்டி. டயமண்ட் கிரிஸ்டல் மாதிரிக் கரகரப்பான உப்பில் அதே எடைக்கு 6 தேக்கரண்டிக்கு மேல் போகும், ஆகவே கரண்டியை நம்பாமல் தராசை நம்புங்கள். முந்தின இரவே உப்பைத் தடவி, மூடாமல் பிரிட்ஜில் வையுங்கள். உப்பும் உள்ளே இறங்கும், மேல்புறமும் காய்ந்துவிடும்.

மறுநாள் காகிதத் துண்டால் ஒற்றி எடுத்து, 5 லிட்டர் டச்சு ஓவனில் (மூடியுள்ள கனமான இரும்புச் சட்டி) 2 மேசைக்கரண்டி எண்ணெய் சூடாக்கி, பக்கத்துக்கு 5 நிமிடம் அசைக்காமல் விடுங்கள். ஈரமாகப் போட்டால் கறி சிவக்காது, தன் தண்ணீரிலேயே அவியும். மிளகை இப்போது போடாதீர்கள், கருகிக் கசக்கும். கறியை எடுத்துவிட்டு இரண்டு பெரிய வெங்காயம், ஆறு பல் பூண்டு, 2 மேசைக்கரண்டி தக்காளி பேஸ்ட் போட்டு, பேஸ்ட் செங்கல் நிறத்துக்கு வரும்வரை வதக்குங்கள். ஒரு கப் சிவப்பு ஒயின் ஊற்றி, அடியில் ஒட்டிய பழுப்பையெல்லாம் மரக்கரண்டியால் சுரண்டி, பாதியாகச் சுண்டவிடுங்கள். ருசி முழுக்க அந்தப் பழுப்பில்தான். ஒயின் வேண்டாமென்றால் அதே அளவு ஸ்டாக் (எலும்பு வேகவைத்த சாறு), கூடவே ஒரு மேசைக்கரண்டி வினிகர். பிறகு உப்புக் குறைவான பீஃப் ஸ்டாக் 2 கப், வூஸ்டர்ஷயர் சாஸ் ஒரு மேசைக்கரண்டி, தைம் நான்கு கொத்து, பிரிஞ்சி இலை இரண்டு, மிளகு.

கறியை உள்ளே வைத்தால் திரவம் பாதி உயரம்தான் வரவேண்டும். 150 டிகிரி, அதாவது 300 ஃபாரன்ஹீட் ஓவன். ஒன்றரை மணியில் ஒருதரம் திருப்பிப் போடுங்கள். மொத்தம் மூன்றரை மணி சுமாராக.

ஸ்காபரோ அடுப்பு

கனடாவில இருக்கிற ஆக்களுக்கு ஒண்டு சொல்லவேணும். இஞ்ச லேபிளில "சக்" எண்டு தேடித் திரியாதேங்கோ, "பிளேட் ரோஸ்ட்" எண்டுதான் கிடக்கும். "குரொஸ் ரிப்" எண்டு வாறதும் தோள் பக்கம்தான், கொழுப்புக் கொஞ்சம் குறைவு, ஆனா நல்லா வரும்.

"ஐ ஒஃப் ரவுண்ட்" எண்டு உருளையா, வடிவா, விலையும் குறைவா ஒரு துண்டு இருக்கும். அது பின்தொடை இறைச்சி. கொழுப்பும் இல்லை, கரைஞ்சு குடுக்கச் சவ்வும் அவ்வளவா இல்லை. மேல சொன்னபடி 95க்குக் கொண்டுபோனா சக்கைதான் மிஞ்சும், எவ்வளவு கிரேவி ஊத்தினாலும் உள்ளுக்குப் போகாது. லண்டன் ஆக்கள் எடுக்கிற சில்வர்சைட், டொப்சைட்டும் பின்தொடைதான். அங்க பிரிஸ்கெட் கேளுங்கோ. நார் நீளமா இருக்கும், அவிய ஒரு மணித்தியாலம் கூட எடுக்கும், ருசி சக் ரோஸ்டைவிடக் குறைவில்லை.

துண்டு தெரிவுசெய்யேக்க சிவப்புக்குள்ள வெள்ளைக் கோடு எவ்வளவு ஓடுது எண்டு பாருங்கோ. ஓரத்தில ஒரே கட்டியா இருக்கிற கொழுப்பால பிரயோசனம் இல்லை, அதை வெட்டி எறியுங்கோ. அமெரிக்காவில சொய்ஸ் தரம் போதும், பிரைமுக்குக் காசு குடுக்கத் தேவையில்லை. ஒன்றரைக் கிலோ பச்சை இறைச்சி அவிஞ்சு ஒரு கிலோவுக்குள்ளதான் வரும். ஆளுக்கு 300 கிராம் கணக்கில வாங்கினாச் சரி.

கேரட்தோல்

காய் பற்றி யாரும் சொல்லவில்லையே. கறியோடு முதலிலேயே போட்டால் மூன்றரை மணி முடிவில் உருளைக்கிழங்கு மாவாகிக் கிரேவியோடு கலந்துவிடும். கடைசி ஒரு மணி, ஒன்றேகால் மணிக்குப் போடுங்கள். கேரட் 5 சென்டிமீட்டர் கனமான துண்டுகள், தயவுசெய்து 'பேபி கேரட்' பை வேண்டாம், ருசியே இல்லை. உருளையில் யூகான் கோல்டு அல்லது சிவப்புத்தோல் வகை உருக்குலையாமல் நிற்கும். ரஸ்ஸட் மாவு அதிகம், விளிம்பெல்லாம் கரையும்.

கேரட் ஒன்றேகால் மணி கழித்தும் கடினமாகவே இருக்கிறது என்றால் புளிப்பைச் சந்தேகியுங்கள். காய்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பெக்டின் சுமார் 85 டிகிரிக்கு மேல்தான் இளகும், புளிப்பான திரவத்தில் அது இன்னும் தாமதம். தக்காளி டப்பா முழுதாகக் கொட்டுகிறவர்கள் வீட்டில் இதைப் பார்க்கலாம். பேஸ்ட் 2 மேசைக்கரண்டியோடு நிறுத்தினால் இந்தத் தொல்லை வராது. பட்டாணி போடுவதானால் அடுப்பை அணைத்தபின்.

மைல்ஹை

டென்வர் மாதிரி உயரமான ஊரில் இருக்கிறவர்கள் 96 டிகிரிக்குக் காத்திருக்க வேண்டாம், வரவே வராது. 1600 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஈரச்சூட்டில் வேகும் கறி அதைத் தாண்டாது. 91, 92இல் நீண்ட நேரம் வைத்திருப்பதுதான் வழி. முக்கால் மணி கூடுதலாகக் கணக்கு வையுங்கள். கத்தி சோதனைதான் இங்கே சரியான அளவுகோல். அவசரம் என்றால் பிரஷர் குக்கர்.

இரும்புச்சட்டி

உயரத்தைப் பற்றி எழுதியதற்கு நன்றி, அது எனக்குத் தோன்றவே இல்லை.

இன்னொன்று, மூடி. பலர் வீட்டுப் பாத்திரத்தின் மூடி சரியாக உட்காராது. இரண்டாவது மணியில் பார்த்தால் திரவம் கால்வாசிக்கு இறங்கி ஓரம் கருகத் தொடங்கியிருக்கும். பாத்திரத்தின் வாயில் அலுமினியத் தாளை இறுக்கிப் போர்த்தி, அதன்மேல் மூடியை அழுத்துங்கள். மறுபுறம், பயந்துபோய் நாலு கப் ஸ்டாக் ஊற்றினால் கறி மூழ்கி, மேல்புறம் சிவக்க வழியில்லாமல் வெறும் சூப்புக்கறி ஆகும்.

அடுப்பின்மேலேயே செய்யலாமா என்றால் செய்யலாம். ஆனால் சூடு அடியிலிருந்து மட்டும் வரும், அடிபிடிக்கும், அரைமணிக்கு ஒருதரம் பார்க்க வேண்டும். தளதளவென்று கொதிக்கவே கூடாது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வந்தால் போதும். கொதித்தால் வெளிப்புற நார்கள் நடுப்பகுதி வேகுமுன்பே உதிரும். கொழுப்பும் திரவத்தில் கலந்து கிரேவி கலங்கலாக, பிசுபிசுப்பாக வரும்.

மூன்றுவிசில்

இன்ஸ்டன்ட் பாட் (மின்சார பிரஷர் குக்கர்), அடுப்பில் வைக்கும் பிரஷர் குக்கர் இரண்டுக்கும் கணக்கு வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பலர் கெடுக்கிறார்கள். இன்ஸ்டன்ட் பாட் 'ஹை' அழுத்தம் 10 முதல் 12 பி.எஸ்.ஐ. வரை. ஊரிலிருந்து தூக்கி வந்த அடுப்புக் குக்கர் சுமார் 15 பி.எஸ்.ஐ., உள்ளே 120 டிகிரி. அதனால் 1.5 கிலோ சக் ரோஸ்டை நாலாக வெட்டிப் போட்டால் இன்ஸ்டன்ட் பாட்டில் 60 நிமிடம், அடுப்புக் குக்கரில் 45. விசில் எண்ணாதீர்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து அங்கிருந்து நிமிடம் எண்ணுங்கள்.

முழுத் துண்டாகப் போட்டால் நடுவில் சூடு ஏற நேரமெடுத்து 80, 90 நிமிடம் ஆகும், அதற்குள் வெளியே தும்பு தும்பாகிவிடும். வெட்டிப் போடுவதே மேல்.

திரவம் ஒன்றேகால் கப் போதும், ஆவி வெளியே போகாது. ஒயின் ஊற்றினால் மூடுவதற்கு முன்பே நன்றாகச் சுண்டவைக்க வேண்டும், இல்லாவிட்டால் சாராய நெடி உள்ளேயே நிற்கும். 'பர்ன்' என்று திரையில் வந்தால் அடியில் ஒட்டிய பழுப்பைச் சரியாகச் சுரண்டவில்லை, அல்லது தக்காளி பேஸ்ட் அடியில் படிந்திருக்கிறது. பேஸ்டைக் கறிக்கு மேலே வைத்து, கிளறாமல் மூடுங்கள்.

நேரம் முடிந்ததும் அழுத்தத்தை உடனே திறந்துவிடுவது பெரிய தப்பு. அழுத்தம் திடீரென்று இறங்கும்போது கறிக்குள் இருக்கும் நீர் கொதித்து வெளியேறும், நார் காய்ந்துபோகும். 20 நிமிடம் தானாக அடங்கட்டும். திறந்து முள்கரண்டியைத் திருகிப் பாருங்கள், பிரியாவிட்டால் இன்னும் 10 நிமிடம். காயை, கறியை எடுத்த பிறகு தனியாக 4 நிமிடம் அழுத்தத்தில் வைத்தால் போதும். அதற்கு உடனே திறக்கலாம்.

நைட்ஷிப்ட்

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஸ்லோ குக்கர்தான், குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்சாரப் பாத்திரம். 1.5 கிலோவுக்கு 'லோ'வில் 8 முதல் 9 மணி, 'ஹை'யில் 5 முதல் 6. 'லோ'வை விரும்புகிறேன், துண்டு முழுக்க ஒரே பதமாக வருகிறது. இதில் காய் கறிக்கு அடியில் போகவேண்டும், ஏனென்றால் இந்தச் சூட்டில் கேரட்டும் உருளையும் கறியைவிட மெதுவாக வேகும். ஓவன் முறைக்கு நேர் எதிர், குழப்பிக்கொள்ளாதீர்கள். திரவம் ஒரு கப். திறந்து திறந்து பார்த்தால் ஒவ்வொரு தடவையும் 20 நிமிடம் பின்னால் போகும். உறைந்த கறியை அப்படியே போடவே கூடாது. பாக்டீரியா பெருகும் சூட்டிலேயே மணிக்கணக்கில் கிடக்கும். அமெரிக்க வேளாண்துறையும் முழுக்க உருகிய கறியைத்தான் போடச் சொல்கிறது.

சோம்பேறி வழி வேண்டுமென்றால் 'மிசிசிப்பி ரோஸ்ட்'. மிசிசிப்பி மாநிலத்தில் ரிப்ளி ஊர்க்காரரான ராபின் சாப்மன் 1990களில் செய்தது, பிறகு இணையம் முழுக்கப் பரவியது. சக் ரோஸ்டின்மேல் ஒரு பாக்கெட் ரான்ச் (சாலட் டிரெஸிங்) பொடி, ஒரு பாக்கெட் 'ஓ ஜூ' கிரேவிப் பொடி, ஒரு ஸ்டிக் (113 கிராம்) வெண்ணெய், ஐந்தாறு பெப்பரோன்சினி ஊறுகாய் மிளகாய். தண்ணீரே வேண்டாம், 'லோ'வில் 8 மணி. உப்புதான் சிக்கல்: இரண்டு பொடியிலும் உப்பு, ஊறுகாயிலும் உப்பு. உப்பில்லாத வெண்ணெய் வாங்குங்கள், கறிக்குத் தனியாக உப்புப் போடாதீர்கள், கிரேவிப் பொடியைப் பாதியாகக் குறையுங்கள். அப்படியும் சோற்றோடுதான் சாப்பிட முடியும், நமக்கு அது குறையா என்ன? பழைய வெங்காய சூப் பொடி முறையிலும் இதே கவனம் வேண்டும். லிப்டன் அந்தப் பொடியை 1952இல் கொண்டுவந்ததிலிருந்து பல அமெரிக்க வீடுகளில் பாட் ரோஸ்ட் என்றாலே அதுதான்.

மூன்றுவிசில்

மிளகாய்த்தூள், கரம் மசாலா போடலாமா என்று கேட்டு எனக்குத் தனிச்செய்தி வந்தது. போடுங்கள், யார் தடுக்கப்போகிறார்கள். ஆனால் அது கறிக்குழம்பு. குழம்புக்கு ஒன்றரைக் கிலோவை முழுசாக வைத்து மூன்றரை மணி காத்திருப்பானேன், சின்னதாக வெட்டிக் குக்கரில் போட்டால் போச்சு. காரம் வேண்டுமென்றால் கரகரப்பாக இடித்த மிளகை இரண்டு தேக்கரண்டி, கடைசியில்.

கேரட்தோல்

கிரேவிக்கு வருகிறேன். சட்டியிலிருந்து நேராக ஊற்றினால் மேலே ஒரு விரற்கடை எண்ணெய் நிற்கும். கறியைத் திரவத்திலேயே 20 நிமிடம் ஆறவிட்டு எடுத்து, திரவத்தை வடிகட்டி, மேலே மிதக்கும் கொழுப்பை அகப்பையால் வழித்துவிடுங்கள். ஒரு கப்புக்கு ஒரு மேசைக்கரண்டி சோளமாவு, அதே அளவு குளிர்ந்த தண்ணீரில் கரைத்தது. கொதிக்கும் திரவத்தில் விட்டு ஒரு நிமிடம் கொதிக்கவைத்தால் போதும். சூடான கிரேவியில் உலர் மாவைத் தூவினால் கட்டி கட்டும், வடிகட்டியும் பயனில்லை. உப்பை எல்லாம் சுண்டியபின் கடைசியில் பாருங்கள். சப்பென்று இருந்தால் பெரும்பாலும் உப்பு இல்லை, புளிப்புதான் போதாது: ஒரு தேக்கரண்டி வினிகர்.

விருந்துக்கு என்றால் முந்தின நாளே செய்துவிடுங்கள். திரவத்தோடு பிரிட்ஜில் ஒரு இரவு இருந்தால் கொழுப்பு மேலே தகடாக உறைந்து கையோடு வரும், கறியும் இறுகி அழகாக வெட்ட வரும். சூடாக இருக்கும்போது மெல்லிய துண்டு போட முயன்றால் நொறுங்கும். நாருக்குக் குறுக்காக ஒரு விரல் கனத்துக்கு வெட்டி, கிரேவியில் அடுக்கி, அலுமினியத் தாளால் மூடி 160 டிகிரி ஓவனில் அரைமணி. உள்ளே 74 டிகிரி வந்ததும் எடுங்கள்.

நைட்ஷிப்ட்

முந்தின நாள் செய்கிறவர்கள் கவனிக்க: முழுச் சட்டியையும் சூடாக பிரிட்ஜுக்குள் தள்ளாதீர்கள். கனமான இரும்பு ஆறவே ஆறாது, பக்கத்தில் இருக்கும் பாலையும் கெடுக்கும். ஆழமில்லாத இரண்டு டப்பாக்களில் பிரித்து, அடுப்பிலிருந்து இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வையுங்கள். நாலு நாளைக்குள் முடித்துவிட வேண்டும். ஃப்ரீசரில் என்றால் கிரேவி கறியை மூடியிருக்கும்படி ஊற்றி, உருளைக்கிழங்கை மட்டும் எடுத்துவிட்டு வையுங்கள். உறைந்து உருகிய உருளை நீர் கக்கி மணல்மணலாக இருக்கும்.

ஸ்காபரோ அடுப்பு

மிச்சம் இருந்தா உதிர்த்து, அந்தக் கிரேவியோடயே பாணுக்குள்ள வையுங்கோ. சூடாக்கேக்க மைக்ரோவேவில மூடாமல் வைக்காதேங்கோ, ஓரம் எல்லாம் காஞ்சு போகும்.