கலைச்சொல்: எதிர்ப்பு ஜீனை மீறும் தக்காளி வைரசுக்கு என்ன பெயர்?

க.:
அன்பின் நண்பர்களே, பயிர் நோயியல் பாடநூலின் தக்காளி இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எதிர்ப்பு ஜீன் உள்ள செடியிலும் நோய் உண்டாக்கும்படி மாறிவிட்ட வைரசை 'ரெசிஸ்டன்ஸ் பிரேக்கிங் ஸ்ட்ரெயின்' என்கிறார்கள். வரைவில், எதிர்ப்பை உடைக்கும் என்ற பொருளில், 'எதிர்ப்புடைத் திரிபு' என்று போட்டிருக்கிறேன். நிற்குமா?

செ.:
நிற்காது. 'அன்புடை நெஞ்சம்' அன்பை உடைய நெஞ்சம்தானே? அதுபோல இதையும் எதிர்ப்பை உடைய திரிபு என்றே படிப்பார்கள், பொருள் தலைகீழாகிவிடும். 'எதிர்ப்புடைத்து' என்று நீட்டினாலும் குறளின் 'பெருமை உடைத்து' குறுக்கே வரும். 'எதிர்ப்புமுறி' என்று வையுங்கள். நச்சுமுறி இருக்கிறதே.

வ.:
ஐயா, நச்சுமுறி இருப்பதுதான் சிக்கல். அது நஞ்சை முறிக்கும் மருந்து. வைரசை நச்சுயிரி என்கிறோம்; 'எதிர்ப்புமுறி நச்சுயிரி' என்றால் மாணவர் காதில் மருந்தின் பெயராகவே விழும். இலங்கையில் முறி என்றதும் திறைசேரி முறி, பிணைமுறிதான் நினைவுக்கு வரும்.

செ.:
அப்படியானால் புறத்திணைக்குப் போவோம். நொச்சி அரணைக் காப்பது, உழிஞை அரணை முற்றிக் கைக்கொள்வது. இரண்டும் செடிகொடிகளின் பெயர்களே. செடியின் எதிர்ப்பு ஓர் அரண். 'அரண்கொள் நச்சுயிரி' என்பதில் பொருளும் மரபும் சேர்ந்து நிற்கின்றன.

ம.:
அழகான சொல், ஐயா. ஆனால் இந்த வைரஸ் அரணை முற்றுவதும் இல்லை, இடிப்பதும் இல்லை. காவலாளிக்கு அடையாளம் தெரியாமல் உள்ளே போய்விடுகிறது. தக்காளியின் எதிர்ப்பு ஜீன்களில் ஒன்றான எஸ்டபிள்யூ-5பியின் புரதம், புள்ளிவாடல் வைரஸ் செல்லுக்குச் செல் பரவ உதவும் நகர்வுப் புரதத்தை இனம் கண்டு, தொற்றிய செல்லைச் சாகவிட்டு நோயை அங்கேயே நிறுத்துகிறது. அந்த நகர்வுப் புரதத்தில் 118ஆம் இடத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் போய் டைரோசின் வந்தாலே போதும், அடையாளம் தப்பிவிடும். செடியின் ஜீனில் ஓர் எழுத்தும் மாறியிருக்காது.

'முறிவு' வேறொன்றுக்கு வேண்டும். வேர்முடிச்சு நூற்புழுவைத் தடுக்கும் மி ஜீன், மண் வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினால் வேலை செய்யாது. புழு மாறவில்லை, எதிர்ப்புதான் முறிந்தது. வைரஸ் மாறித் தப்புவதற்கு 'மீறல்' என்றும், வெப்பத்தால் எதிர்ப்பு விழுவதற்கு 'முறிவு' என்றும் பிரித்துவிட்டால் பாடம் நடத்துபவருக்குப் பாதி வேலை மிச்சம்.

'திரிபு' என்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. தேமல் வைரஸ்களைத் தடுக்கும் டிஎம்-2² ஜீன் ஏறக்குறைய அரை நூற்றாண்டு தக்காளியைக் காத்தது. இஸ்ரேலில் 2014இலும் ஜோர்டானில் 2015இலும் அந்த ஜீன் உள்ள செடிகளிலேயே காய்களில் பழுப்புச் சொரசொரப்பு வந்தது. அதற்குக் காரணம் பழைய வைரசின் திரிபு அல்ல, தனி வைரஸ் இனம்.

செய்முறைப் பெட்டியிலும் ஒரு திருத்தம். நோய் கண்டதும் 'மீறிவிட்டது' என்று எழுதக் கூடாது. விதை கலந்திருந்தால் ஜீன் இல்லாத நாற்றும் நோய் காட்டும். முதலில், ஜீன் இருப்பதைக் காட்டும் டிஎன்ஏ குறியீட்டால் நாற்றைச் சோதிக்க வேண்டும். பிறகு எதிர்ப்புள்ள ரகம், எதிர்ப்பில்லாத ரகம் இரண்டிலும் ஒரே சாற்றைத் தேய்க்க வேண்டும். 0.01 மோலார் பாஸ்பேட் கரைசலில் அதே செறிவில் சோடியம் சல்பைட் சேர்த்து, இலையைப் பனிக்கட்டி மேல் அரைத்து, கார்போரண்டம் என்ற உராய்வுத் தூள் தூவிய இலையில் உடனே தேய்த்துவிடுங்கள். புள்ளிவாடல் வைரஸ் சாற்றில் சில மணி நேரத்திலேயே வீரியம் இழந்துவிடும். தாமதித்தால் எதிர்ப்பில்லாத செடியிலும் ஒன்றும் வராது, சோதனை வீண். தேய்த்த இலையில் மட்டும் கருகல் புள்ளி வந்தால் எதிர்ப்பு நிற்கிறது. எதிர்ப்புள்ள ரகத்தின் புதுத் தளிரிலும் நோய் ஏறினால்தான் மீறல்.

வ.:
'எதிர்ப்புமீறி' என்று ஒரே சொல்லாக்கலாமா?

செ.:
கூடாது. 'எதிர்ப்பு மீறிப் போராடினர்' என்பதுபோல் வினையெச்சமாகத்தான் ஒலிக்கும். பெயரெச்சமாக வையுங்கள்.

க.:
பெரும்பாலோர் 'எதிர்ப்பு மீறும்' என்பதற்கு இசைந்திருக்கிறார்கள். 'எதிர்ப்பு மீறும் திரிபு', 'எதிர்ப்பு மீறும் வைரஸ்' என்று இடத்துக்கேற்ப இன்றிரவு திருத்தி அனுப்புகிறேன்.

செ.:
'மீறும்' இருக்கட்டும். 'வைரஸ்' என்பதற்கு நான் இசையவில்லை; 'நச்சுயிரி' பல ஆண்டுகளாகப் பாடநூலில் இருக்கிறது. பின்னிணைப்பிலாவது அதைச் சேருங்கள்.