வேகக் குழுவோடு முதல் சைக்கிள் பயணம்: அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். தனியாக ஓட்டும்போது மணிக்கு 27 கிலோமீட்டர் வரை தாக்குப்பிடிக்கிறேன். அந்தத் தைரியத்தில், சனிக்கிழமை இரவு நகரத் தெருக்களில் 32க்குக் குறையாமல் ஓட்டும் குழுவில் பெயர் கொடுத்துவிட்டேன். இப்போது வயிற்றைக் கலக்குகிறது.

முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் காற்றின் தடை வெகுவாகக் குறையும், கால் பிழைக்கும் என்பது தெரியும். ஆனால் எவ்வளவு ஒட்டுவது? போன வாரம் நண்பர் ஒருவருடன் பழகிப் பார்த்தேன். அவர் குழியைக் கண்டு சட்டென்று ஒதுங்க, என் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்தை உரசிவிட்டது. விழவில்லை; பிரேக்கை இறுக்கிய விரல்கள்தாம் வீடு வரை நடுங்கின.

இன்னொன்று, திருப்பங்கள். முன்வரிசை திரும்பி வேகமெடுத்துவிட, கடைசியில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று மிதித்துத்தான் இடைவெளியை அடைக்க வேண்டுமாம். அப்படியானால் புதியவன் நடுவில் இடம் பிடிப்பது மரியாதைக் குறைவா? சிக்னலில் குழு இரண்டாகப் பிரிந்தால் முன்னே போனவர்கள் காத்திருப்பார்களா? (சிவப்பில் பாய்ந்து பிடிக்கச் சொல்லாதீர்கள், அதற்கு நான் ஆளில்லை.) குழிக்கும் நிறுத்தத்துக்கும் காட்டும் கைச் சைகைகளையும் யாராவது எழுதினால் புண்ணியமாகப் போகும்.