கணக்குப் பாடத்தில் வசனத்தை ஒட்டினால் போதுமா?

கேள்வி:
கிறிஸ்தவப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். எல்லாப் பாடத்திலும் விசுவாசம் கலந்திருக்க வேண்டும் என்கிறார்கள், சரி, ஆனால் நான் செய்வதெல்லாம் கூட்டல் கணக்கில் ஆப்பிளுக்குப் பதில் பைபிளில் வரும் அப்பமும் மீனும் போடுவதுதான். பிள்ளைகளுக்கே சிரிப்பு வருகிறது. வேறு எப்படிச் செய்யலாம்?

பதில் 1:
அது கலப்பது இல்லை டீச்சர், ஒட்டுவது. நான் அளவைப் பாடத்துக்கு நோவாவின் பேழையை எடுத்தேன். ஆதியாகமம் 6:15இல் நீளம் 300 முழம், அகலம் 50, உயரம் 30. மைதானத்தில் ஆளாளுக்கு முழங்கையிலிருந்து விரல்நுனி வரை வைத்துப் பத்து முழம் அளக்கச் சொன்னேன், ஒருவர் கோடும் இன்னொருவர் கோடும் ஒத்துப்போகவில்லை, ஒரே சண்டை. அளவுகோல் எதற்கு என்று நான் வாய் திறக்கவே தேவைப்படவில்லை. அப்புறம் எடைப் பாடத்துக்கு நீதிமொழிகள் 11:1, ‘கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது’. ஒரு தட்டின் அடியில் கொஞ்சம் களிமண்ணை ஒட்டி வைத்திருந்தேன். கண்டுபிடித்த பையன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

பதில் 2:
அறிவியலுக்கு மெண்டல் இருக்கிறார். அவர் ஒரு துறவி; மடத்துத் தோட்டத்தில் பட்டாணி வளர்த்து, பண்புகள் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததுக்கு எப்படிப் போகின்றன என்று பார்த்து, 1866இல் முடிவுகளை வெளியிட்டவர். ஒன்று மட்டும், பிள்ளை ‘ஏன்’ என்று கேட்கும்போதெல்லாம் ‘கடவுள் அப்படிப் படைத்தார்’ என்று முடித்துவிடாதீர்கள், அப்புறம் கேட்பதையே நிறுத்திவிடும்.

பதில் 3:
மனப்பாட வசனத்துக்கு மார்க் போடாதீர்கள், ப்ளீஸ். என் மகள் ‘கர்த்தர் என் மேய்ப்பர்’ என்று தொடங்கும் 23ஆம் சங்கீதத்தைப் பயந்து பயந்து ஒப்பிக்கிறாள், மேய்ப்பர் என்றால் யார் என்று கேட்டால் முழிக்கிறாள்.

கேள்வி கேட்டவர்:
களிமண் தராசு நாளைக்கே. நன்றி!