ஸ்டாட்டிக் லைன்: நிலைக்கயிறா, முளைக்கயிறா, பிணைகயிறா?

அன்பர்களே,

இத்தாலியப் போர்க்கால வான்குடைகளுக்கு (பாராசூட்) தமிழில் விவர அட்டை எழுத உட்கார்ந்தால் முதலில் இடறுவது கயிறு. குடைத்துணியிலிருந்து இறங்கும் தொங்கல் கயிறுகளில் குழப்பம் இல்லை. பையைத் திறக்கும் கயிற்றில்தான் சிக்கல். விமானியின் உயிர்காப்புக் குடையில் அதை அவரே கையால் இழுக்கிறார். குதிவீரரின் குடையில் மறுமுனை விமானத்தில் மாட்டியிருக்கும்; ஆங்கிலத்தில் இதுதான் ஸ்டாட்டிக் லைன். அவர் விழும் எடையே இழுத்துவிடும். சில பைகளில் இரண்டும் உண்டு.

இரண்டையும் 'திறப்புக்கயிறு' என்று எழுதினால் அட்டையை நம்பி வாங்குபவர் ஏமாறுவார். பொருளுக்கும் கேடு. எண்பது ஆண்டாக மூடியே கிடக்கும் பையில் எது எதுவென்று தெரியாமல் கைப்பிடியை இழுத்தால், துருப்பிடித்த ஊசிகள் துணியைக் கிழித்துக்கொண்டு வரும். அன்று மடித்தவர் போட்ட மடிப்பு போனால் போனதுதான்.

கையால் இழுப்பதற்கு 'இழுகயிறு' என வைக்கலாம். விமானத்தில் மாட்டுவதற்கு 'நிலைக்கயிறு' சரியா?

* * *

> 'நிலைக்கயிறு' சரியா?

வேண்டாம் ஐயா. மலையேறுவோரிடம் ஸ்டாட்டிக் ரோப் என்று வேறொன்று இருக்கிறது. நீளாத கயிறு அது. 'நிலைக்கயிறு' அதற்குத்தான் பொருந்தும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் பிறகு பிரிக்க முடியாது.

ஆங்கிலத்தை மட்டும் பார்ப்பதால் வரும் தொல்லை இது. இத்தாலியர் இதை 'ஃபூனே தி வின்கொலோ' என்பார்கள். ஃபூனே கயிறு; வின்கொலோ கட்டு, பிணைப்பு. ஜெர்மானியர் தம் ஆர்.இஸட். வகைக் குடைக்குப் பெயர் வைத்தபோது 'ஸ்வாங்' என்ற சொல்லைச் சேர்த்தார்கள்: கட்டாயத் திறப்பு. பிரெஞ்சில் 'தானே திறக்கச் செய்யும் பட்டை'. ஆங்கிலம் கயிறு அசையாததைப் பார்த்தது, இத்தாலியம் அது கட்டுண்டதை, ஜெர்மன் வீரருக்கு வேறு வழியில்லாததை. நாம் பேசுவது இத்தாலியப் பொருள். 1927-இல் மிலான் அருகே சினிசெல்லோவில் குதித்தவர்கள் முதல் 1942-இல் எகிப்தின் எல் அலமைனில் தரைப்படையாக நின்று போரிட்ட ஃபோல்கோரே வான்குடைப் படைப்பிரிவு வரை புழங்கிய மரபு. அவர்கள் பார்வையிலிருந்து தொடங்குவதே நியாயம்.

என் முன்மொழிவு: முளைக்கயிறு. மாடு கட்டும் முளை நம் எல்லோருக்கும் தெரியும். ஒரு முனை முளையில், மறுமுனை நகரும் உடலில். விமானமே முளை.

* * *

படம் அழகாக இருக்கிறது, ஆனால் வேலை தலைகீழ். முளைக்கயிறு மாட்டைப் போகவிடாமல் நிறுத்துகிறது. இந்தக் கயிறு வீரரை நிறுத்துவதில்லை. பையைத் திறந்து, குடையை நீளமாக உருவிக் கொடுத்துவிட்டு அவரை விட்டுவிடுகிறது. பல வகைகளில் குடையின் உச்சிக்கும் கயிற்றுக்கும் நடுவே மெல்லிய நூல் ஒன்று கட்டியிருக்கும். குடை முழுதாக நீண்டதும் அது அறும். வலுவான நூலாகப் போட்டால் வீரர் விமானத்தின் பின்னே இழுபடுவார். நைந்த நூலாக இருந்தால் குடை நீளும் முன்பே அறுந்து சிக்கும். அதற்கும் சொல் வேண்டும்: அறுநூல். ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகை.

அதே அச்சில் 'பிணைகயிறு' என்று வைப்போம். வினைத்தொகையில் வல்லினம் மிகாது, ஆகவே 'பிணைக்கயிறு' என்று ஒற்றுப் போட வேண்டாம். வின்கொலோவுக்கு நேர்ச்சொல். 'பிணை' என்றால் ஜாமீன் நினைவு வருமே என்பவர்களுக்கு: கயிறு பக்கத்தில் நிற்கும்போது அந்தப் பொருள் வராது. இழுகயிறு, பிணைகயிறு, அறுநூல் மூன்றும் ஒரே வாய்ப்பாட்டில் அமைகின்றன.

* * *

பிணைகயிறுக்கு என் ஆதரவு. முளைக்கயிற்றை முன்மொழிந்தவரும் அறுநூல் வாதத்தை மறுக்க மாட்டார் என நினைக்கிறேன். இனி அட்டையில் எப்படி எழுதுவது?

குதித்தபின் பிணைகயிறு விமானத்தோடு போய்விடும். ஆகவே களத்தில் கிடைத்ததாகச் சொல்லப்படும் சல்வதோர் டி.39 அல்லது ஐ.எஃப்.41/எஸ்.பி. (இரண்டும் இத்தாலியக் குதிவீரர் குடை வகைகள்) பையில் பளபளவென்று முழுப் பிணைகயிறு தொங்கினால் முதலில் அதைச் சந்தேகியுங்கள். குதிக்காத குடை, பயிற்சிப் பள்ளிக் குடை என்றால் இருக்கலாம்.

அடையாளம் எளிது. பிணைகயிறு சில மீட்டர் நீளம், பைக்கு வெளியே வளைத்து வளைத்துச் செருகியிருக்கும், நுனியில் பூட்டுள்ள கொக்கி. இழுகயிறு குட்டையான எஃகுக் கம்பி. வளையும் உலோகக் குழாய்க்குள் ஓடும். ஒரு முனையில் கைப்பிடி, மறுமுனையில் ஊசிகள்.

கயிறும் துணியும் அந்தக் காலத்தவைதானா என்று பார்க்க, தையலிலிருந்து தளர்ந்த ஒரே ஓர் இழையை இடுக்கியால் எடுத்துக் கொளுத்துங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாசனையோடு எரிந்து, நசுக்கினால் பொடியாகும் கரி விடும். ரேயானும் பருத்தியும் காகிதம் போல எரியும். உருகிக் கெட்டி மணியானால் நைலான். அமெரிக்கப் படைக் குடைகளிலேயே அது 1942 வாக்கில்தான் வந்தது, போர்க்கால இத்தாலியக் கயிற்றில் அதற்கு இடமில்லை. புற ஊதா விளக்கில் தையல் நூல் மட்டும் நீலவெண்மையாகப் பளீரிட்டால் பின்னாளில் தைத்தது. முழுத்துணியும் ஒளிர்ந்தால் தீர்ப்புச் சொல்லாதீர்கள், யாராவது சோப்புத்தூளில் துவைத்திருக்கலாம்.

கயிற்றைப் பிடித்திருக்கும் பழைய ரப்பர் வளையங்களை அப்படியே விடக்கூடாது. அவற்றின் கந்தகம் உலோகத்தைக் கறுக்கவைக்கும், பட்டில் ஒட்டிக் கறையாக்கும். படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, தனி உறையில் போட்டுவிட்டு, வெளுக்காத பருத்தி நாடாவைத் தளர்வாகக் கட்டுங்கள். கொக்கிக்கும் துணிக்கும் நடுவே பாலியெஸ்டர் தாள். கயிற்றை மடிக்காமல் சுருட்டுங்கள். பட்டு மடிப்பில்தான் வெடிக்கும்.

அட்டை இப்படி அமையலாம்:

"பிணைகயிறு: உண்டு, கொக்கியுடன், பருத்தி நாடா. அறுநூல்: இல்லை, உச்சிக் கண்ணியில் அறுந்த நுனி மட்டும். இழுகயிறு: இல்லை. பை திறந்த நிலையில் பெறப்பட்டது."

கொக்கிக்குப் புதுச்சொல் தேட வேண்டாம். கொக்கியே போதும்.