குடியாத்தத்து வீட்டு கம்ப்யூட்டரை பெங்களூரிலிருந்து பிரவுசரிலேயே திறக்க முடியுமா?

பாவும்_ஊடையும்:
எல்லாருக்கும் வணக்கம். வீடு குடியாத்தம், நான் வேலை பார்ப்பது பெங்களூரு. நைனாவுக்கு லுங்கி வியாபாரம், தறிக்காரர்களுக்குப் பாவும் நூலும் கொடுத்து, நெய்த சரக்கை வாங்கி, கூலி போடும் பழைய முறைதான். கணக்கு எல்லாம் வீட்டு டெஸ்க்டாப்பில் ஒரு பில்லிங் சாப்ட்வேரில் இருக்கிறது. அது மெஷினில் டாங்கிள் என்ற யூஎஸ்பி சாவி ஒன்று குத்தியிருந்தால்தான் ஓடும், அதனால் "கிளவுடில் ஏத்திடு" என்று யாரும் சொல்ல வேண்டாம், அந்த மெஷினைத் தவிர வேறு எதிலும் திறக்காது. சனிக்கிழமை கூலி நாள். வெள்ளி ராத்திரி நைனா போன் செய்து "இந்தத் துண்டு ஏன் கழியல" என்று கேட்பார், நான் போனிலேயே "மேலே வலது பக்கம், இல்ல நைனா, அதுக்குக் கீழே" என்று முக்கால் மணி நேரம் கத்துவேன். பக்கத்து ரூம்காரன் கதவைத் தட்டிவிட்டான்.

என்னிடம் இருப்பது ஆபீஸ் லேப்டாப், அதில் எதையும் இன்ஸ்டால் செய்ய முடியாது, பிரவுசர் மட்டும்தான். வீட்டில் விண்டோஸ் 10 ஹோம், பைபர் இணைப்பு. ரௌட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான (தூரத்திலிருந்து மெஷினைத் திறக்கும் விண்டோஸ் வசதி) 3389 போர்ட்டைத் திறந்துவிட்டால் போதும் என்று ஒரு வீடியோவில் பார்த்து அப்படியே செய்தேன், ஒன்றும் வரவில்லை. இணைப்பு கொடுத்தவர்களைக் கேட்டால் ஸ்டாட்டிக் ஐபி (மாறாத சொந்த இணைய முகவரி) வாங்கு, மாதம் தனியாகக் கட்டு என்கிறார்கள். அதுதான் வழியா?

கோட்டை_அகழி:
முதல் வேலையாக அந்தப் போர்ட்டை மூடுங்கள். வேலை செய்யாமல் போனது உங்கள் அதிர்ஷ்டம்.

இரண்டு காரணம். ஹோம் எடிஷனில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு மெஷின் பதிலே சொல்லாது, அதற்கு ப்ரோ வேண்டும், ஆக போர்ட் திறந்தும் உள்ளே கதவு இல்லை. அடுத்தது, ரௌட்டர் பக்கத்தில் வான் (WAN) ஐபி என்று ஒன்று காட்டும், வெளி இணைப்புப் பக்கத்து முகவரி, அதைப் பாருங்கள். 100.64இலிருந்து 100.127 வரைக்குள் ஆரம்பித்தால் அது உங்கள் சொந்த முகவரி இல்லை, ஒரே பொது முகவரியை உங்கள் தெருவில் பல வீடுகளுக்குப் பங்கு போட்டிருக்கிறார்கள். சிஜிநாட் என்பார்கள். நம்ம வேலூர் காந்தி ரோடு லாட்ஜ் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். அறை எண் போடாமல் லாட்ஜ் பேருக்கு ஒரு தபால் வந்தால் கவுண்டர்காரர் யாரிடம் கொடுப்பார்? தூக்கி ஓரமாகப் போட்டுவிடுவார். ஆனால் அறையில் இருப்பவர் வெளியே ஆள் அனுப்பி டீ சொன்னால் டீ சரியாக அந்த அறைக்கே வந்து சேரும். வெளியிலிருந்து உள்ளே வருவதுதான் நடக்காது, உள்ளிருந்து கேட்டுப் போனதற்குப் பதில் வரும். உங்களுக்கு வேண்டியது இந்த இரண்டாவது வகை.

ஸ்டாட்டிக் ஐபிக்குக் காசு கட்டினாலும் 3389ஐத் திறந்து வைப்பது ஆபத்துதான். அந்த எண்ணையே தேடிக்கொண்டு ராத்திரி பகல் ஊரெல்லாம் சுற்றும் நிரல்கள் உண்டு. 2019 மே மாதம் ரிமோட் டெஸ்க்டாப்பில் புளூகீப் என்ற ஓட்டை தெரியவந்தபோது, 2014இலேயே ஆதரவு நின்றுபோன விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாப்ட் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று, அவ்வளவு பயந்தார்கள். நைனாவின் கூலிக் கணக்கை எவனோ பூட்டிவிட்டுக் காசு கேட்டால் சனிக்கிழமை யார் முகத்தில் விழிப்பீர்கள்?

முள்ளுக்கத்தரி:
அகழி சொன்ன இரண்டாவது வகைக்கு சுலபமான வழி குரோம் ரிமோட் டெஸ்க்டாப். பணம் கிடையாது, ஹோம் எடிஷனிலும் ஓடும். நான் ராணிப்பேட்டையில் இருந்துகொண்டு காட்பாடி வீட்டு மெஷினை இப்படித்தான் பார்க்கிறேன்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வீட்டு மெஷினில் குரோமைத் திறந்து ரிமோட்டெஸ்க்டாப் டாட் கூகுள் டாட் காம் போங்கள், உங்கள் கூகுள் கணக்கில் நுழைந்து, ரிமோட் அக்சஸ் என்ற இடத்தில் சொல்லும் பைலை இன்ஸ்டால் செய்து, மெஷினுக்கு ஒரு பெயரும் குறைந்தது 6 இலக்க பின் நம்பரும் வையுங்கள். பிறந்த தேதி வேண்டாம். இன்ஸ்டால் வேலை அந்தப் பக்கம் மட்டும்தான். பெங்களூரில் அதே பக்கத்தை அதே கணக்கில் திறந்தால் மெஷின் பெயர் தெரியும், தட்டி பின் நம்பர் போட்டால் வீட்டுத் திரை டேபில் வந்துவிடும். வீட்டு மெஷினே கூகுள் சர்வரைக் கூப்பிட்டு "நான் இங்கே இருக்கேன்" என்று லைனைப் பிடித்து வைத்திருக்கும், அதனால் ரௌட்டரைத் தொடவே வேண்டாம்.

கூகுள் கணக்கில் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைக் கட்டாயம் போடுங்கள், அந்தக் கணக்கு போனால் வீடும் சேர்ந்து போகும். அதே பக்கத்தில் ரிமோட் சப்போர்ட் என்று இன்னொன்று இருக்கிறது, ஒருமுறை எண் கொடுத்து அடுத்தவரை உள்ளே விடுவது. பேங்கிலிருந்து பேசுகிறேன், கேஒய்சி என்று யாராவது போன் செய்து அந்த எண்ணைக் கேட்டால் கொடுக்கவே கூடாது என்று வீட்டில் சொல்லி வையுங்கள். தெரியாமல் கொடுத்துப் பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடிக்க வேண்டும்.

கணக்கில் தறிக்காரர் பெயர் தமிழில் இருக்கிறதா? தமிழ் கீபோர்டை வீட்டு மெஷினில் மாற்றினால் போதும், எனக்கு அப்படித்தான் ஒழுங்காக வருகிறது. இரண்டு பக்கமும் மாற்றிக் குழம்ப வேண்டாம்.

பாவும்_ஊடையும்:
அண்ணா, ரொம்ப நன்றி. வான் ஐபி 100.78 என்றுதான் ஆரம்பிக்கிறது, நாங்களும் லாட்ஜ்தான். போர்ட்டை மூடிவிட்டேன். சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன், போட்டுப் பார்க்கிறேன்.

வெயிலூர்:
சாப்ட்வேர் எல்லாம் அரை மணி வேலை, அதைவிட மெஷின் அணையாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை. அதை யாரும் சொல்லவில்லையே.

செட்டிங்ஸில் பவர் போய் ஸ்லீப்பை நெவர் என்று வையுங்கள், மானிட்டர் மட்டும் அணையட்டும். தூங்கிப்போன மெஷினை பிரவுசரிலிருந்து எழுப்ப முடியாது. வேக் ஆன் லேன் என்று ஒன்று உண்டு, ஆனால் அந்தச் செய்தியை அனுப்ப வீட்டுக்குள்ளேயே வேறொரு கருவி விழித்திருக்க வேண்டும், மெஷினும் வைபையில் இல்லாமல் கேபிளில் இருந்தால்தான் நம்பலாம். உங்களுக்கு அந்தத் தலைவலி வேண்டாம்.

அப்புறம் கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் மத்தியானம் தாண்டித்தான் வரும், யூபிஎஸ் அதுவரை தாங்காது. கரண்ட் வந்ததும் மெஷின் தானாக எழ வேண்டும் என்றால் பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் மெஷின் செட்டிங்) ஏசி பவர் லாஸ் என்று ஒரு வரி இருக்கும் (போர்டைப் பொறுத்துப் பெயர் கொஞ்சம் மாறும்), அதைப் பவர் ஆன் என்று மாற்றுங்கள். எழுந்ததும் விண்டோஸ் பாஸ்வேர்டு கேட்கும் திரையே உங்களுக்கு பிரவுசரில் தெரியும், அதிலேயே போட்டு உள்ளே போகலாம். ரௌட்டரையும் பைபர் பெட்டியையும் இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள். என் வீட்டில் மெஷினுக்கு யூபிஎஸ் வாங்கிய நான் ரௌட்டரை மறந்துவிட்டேன், நாலு மாதம் "சாப்ட்வேர் சரியில்லை" என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

மே மாதத்தில் நம்ம ஊரில் மூடிய அறையில் 24 மணி நேரம் ஓடும் மெஷின் என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை. ஊருக்குப் போகும்போது பக்கவாட்டைக் கழற்றித் தூசி தட்டிவிட்டு வாருங்கள், நூல் வீடு வேறு, பஞ்சு அடைத்திருக்கும்.

அரக்கோணம்_பாஸ்ட்:
கூகுள் கையில் கொடுக்கப் பிடிக்காதவர்களுக்கு அப்பாச்சி குவாக்கமோலி இருக்கிறது, அதுவும் தூரத்து மெஷினைத் திறக்கும் ஆர்டிபி, விஎன்சி, எஸ்எஸ்ஹெச் என்ற மூன்று முறைகளையும் பிரவுசரிலேயே காட்டும். ஆனால் சொந்தமாக ஒரு லினக்ஸ் சர்வர் ஓட்டி, அதைப் பாதுகாத்து, அப்டேட் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள் கூலிக் கணக்குக்கு அது கொசுவுக்குப் பீரங்கி.

நான் வந்தது வேறு விஷயத்துக்கு. ஆபீஸ் லேப்டாப்பில் இதைத் திறக்காதீர்கள். பிரவுசர்தானே என்று தோன்றும், ஆனால் நிறைய கம்பெனிகளில் ரிமோட் பக்கங்களைத் தடுத்திருப்பார்கள், தடுக்காவிட்டாலும் பதிவாகும், அப்புறம் வெளியே டேட்டா போகிறதா என்று ஒரு மெயில் வரும். எனக்கு வந்தது. மேனேஜர் முன்னால் உட்கார்ந்து எங்கள் அரிசி மண்டி பாக்கிக் கணக்கை விளக்கினேன். பழைய லேப்டாப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இல்லை அவசரத்துக்கு போனிலும் பார்க்கலாம், திரைதான் சிறிசு.

பாவும்_ஊடையும்:
எல்லாரும் சொன்னபடி செய்தாயிற்று. ரூம்காரனின் பழைய லேப்டாப்பில் பார்க்கிறேன், அவனுக்கும் சத்தம் குறைந்த சந்தோஷம். படம் தெளிவாக வருகிறது, அம்புக்குறி ஒரு இழுப்பு இழுத்துத்தான் நகர்கிறது, பில்லிங்குக்கு அது போதும்.

ஆனால் புதன்கிழமை ராத்திரி உள்ளே போய் ஐந்து நிமிஷத்தில் ஆப்லைன். கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தேன். போன் செய்தால் அம்மா, "இன்னாடா இது, யாருமே தொடல, அம்பு தானா ஓடுது, பொட்டி தானா தொறக்குது, ஆயா பயந்துபோய் பிளக்கையே புடுங்கிடுச்சி" என்கிறார். நான் வேலை செய்வதெல்லாம் வீட்டுத் திரையிலும் அப்படியே தெரியும் என்பதை யோசிக்கவே இல்லை. இப்போது மானிட்டரை அணைத்துவிட்டு, சிபியு மேல் "தானா ஓடும், நான்தான், பிளக்கைத் தொடாதீங்க" என்று தாளில் எழுதி ஒட்டச் சொல்லியிருக்கிறேன். ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது, அது வேறு.

முள்ளுக்கத்தரி:
ஹாஹா. வீட்டுத் திரையை மறைக்கும் வசதி ஹோம் எடிஷனில் வராது, தாளே நல்லது. தம்பி, அந்த டாங்கிள் முன்பக்கம் இருக்கிறதா பின்பக்கமா? முன்பக்கம் என்றால் துடைப்பம் பட்டே ஒருநாள் கழன்றுவிடும்.

பாவும்_ஊடையும்:
முன்பக்கம்தான் இருந்தது. நேற்றுதான் நைனாவை விட்டுப் பின்னால் மாற்றினேன், அதற்கு மட்டும் போனில் அரை மணி நேரம் கத்த வேண்டியிருந்தது.